கத்தி, பீரங்கி, கோணல் எஸ்கலேட்டர்: ஹாங்காங் வங்கிக் கட்டடங்களும் ஃபெங் ஷுயும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினொரு வருடமாக ஹாங்காங்கில் கட்டட வரைபட வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் சென்ட்ரல் பகுதியைச் சுற்றிக்காட்டுவது என் பொறுப்பு. சித்தப்பா வந்தாலும் சரி, கூடப் படித்தவன் வந்தாலும் சரி, அண்ணன் மகள் காலேஜ் லீவில் வந்தாலும் சரி, ஆட்கள்தான் மாறுகிறார்கள், கேள்விகள் அதேதான். எல்லாவற்றையும் அவரவர் கேட்ட மாதிரியே கீழே எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து வருகிறவர்கள் விமானத்திலேயே படித்துவிட்டு வந்தால் எனக்குத் தொண்டை மிச்சம்.

ஃபெங் ஷுய்னா நம்ம வாஸ்துதானே? பேருதான் வேறயா?

இல்லை. நோக்கம் ஒன்று மாதிரித் தெரியும், கணக்கு வேறு. வாஸ்துவில் திசைதான் முதல்: ஈசானியத்தில் தண்ணீர், அக்னி மூலையில் அடுப்பு, கன்னி மூலை கனமாக. ஃபெங் ஷுயில் முதலில் பார்ப்பது சுற்றியுள்ள நிலத்தின் அமைப்பை. முதுகுக்கு மலை, முகத்துக்கு நேரே திறந்த வெளி, அதற்கு அப்பால் தண்ணீர். இடப்பக்க மேடு நாகம், வலப்பக்க மேடு புலி. லுவோபான் என்ற வட்டத் திசைகாட்டியை வைத்துத் திசைக் கணக்குப் போடும் மரபும் உண்டு, ஆனால் அது நம் கணக்கோடு ஒத்துப்போகாது. நம்மில் பலர் தெற்கு வாசல் என்றாலே தயங்குவார்கள். சீனத்தில் தெற்கு பார்த்த வாசல்தான் ராஜ வாசல், சக்கரவர்த்தி தெற்கு பார்த்துத்தான் உட்காருவார்.

இன்னொரு வித்தியாசம் சொன்னால் சித்தப்பா முகம் சுளித்தார். இந்தக் கலையின் பழைய நூல்களில் முக்கியமான ஒன்று வீட்டைப் பற்றியது இல்லை, கல்லறையைப் பற்றியது. 4ஆம் நூற்றாண்டின் குவோ பு எழுதியதாகச் சொல்லப்படும் ‘அடக்க நூல்’. உயிராற்றலான ‘ச்சி’ காற்றில் ஏறினால் கலைந்துபோகும், தண்ணீரைக் கண்டால் நின்றுவிடும் என்கிறது அது. காற்று – ஃபெங், தண்ணீர் – ஷுய். பெயர் வந்த வழி இதுதான்.

மலை பின்னாடி, கடல் முன்னாடின்னா ஹாங்காங் மொத்தமுமே நல்ல இடம்தானே? அப்புறம் எதுக்கு இவ்வளவு சண்டை?

சரியான கேள்வி. ஹாங்காங் தீவின் வட கரை, பாடப் புத்தகத்துக்கு வரைந்த படம் மாதிரி. பின்னால் விக்டோரியா சிகரம், முன்னால் துறைமுகம். சிக்கல் என்னவென்றால் நடுவில் இருப்பது ஒரு கீற்று நிலம். அத்தனை கம்பெனிகளும் அதற்குள்ளேயே நிற்க வேண்டும். ஒருவன் முன்னால் கட்டினால் பின்னால் இருப்பவனுக்குத் தண்ணீர் மறையும். கடலைத் தூர்த்துத் தூர்த்து நிலம் எடுத்ததில் கரையே தள்ளித் தள்ளிப் போய்விட்டது.

இங்கே தலைமையகம் கட்டுகிறவன் நிலத்தோடு போராடுவதில்லை, பக்கத்துக் கட்டடத்தோடுதான் போராடுகிறான். கீழே வரும் கேள்விகள் பெரும்பாலும் அக்கம்பக்கத்துத் தகராறுதான்.

எச்.எஸ்.பி.சி.யில எஸ்கலேட்டர் ஏன் கோணலா வெச்சிருக்காங்க? அளவு தப்பாயிடுச்சா?

தப்பவில்லை. பிரிட்டிஷ் வங்கியான எச்.எஸ்.பி.சி.யின் தலைமையகமாக, நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1985இல் முடிந்த கட்டடம் அது. செலவு 500 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல், அன்றைக்கு உலகத்திலேயே அதிகச் செலவான கட்டடங்களில் ஒன்று. அவ்வளவு பணத்தைப் போட்டவர்கள் ஒரு எஸ்கலேட்டரைக் கோணலாகத் தெரியாமல் வைக்க மாட்டார்கள். ஃபெங் ஷுய் ஆலோசகரைக் கேட்டுத்தான் இடம் குறித்தார்கள் என்பது அப்போதிருந்தே வெளிப்படையாகப் பேசப்பட்ட விஷயம். வாசலும் ஏறுவழியும் ஒரே நேர்கோட்டில் இருந்தால், வந்தது வந்த வேகத்தில் போய்விடும் என்பது கணக்கு. நம் ஊரில் முன்வாசலும் கொல்லை வாசலும் நேராக இருந்தால் பெரியவர்கள் ஏதோ சொல்வார்களே, அந்த மாதிரி.

உள்ளூரில் இதற்கு இன்னும் ருசியான விளக்கம் உண்டு: இரண்டு எஸ்கலேட்டரும் நாகத்தின் மீசை, தெருவில் போகும் பணத்தை உறிஞ்சி வயிற்றுக்குள் இழுக்கின்றன. என் கண்ணுக்கு அந்தக் கோணம் அழகாகவே இருக்கிறது. மேலே கண்ணாடிக் கூரையைக் கிழித்துக்கொண்டு போவது போல ஏறும்போது, நேராக வைத்திருந்தால் ரயில் நிலையம் மாதிரி ஆகியிருக்கும் என்று தோன்றும்.

கீழ்த்தளத்தையே கட்டாம விட்டிருக்காங்களே, அதுவும் ஃபெங் ஷுய்யா?

பாதி. மலையிலிருந்து இறங்கும் ச்சி தடையில்லாமல் கடலுக்குப் போக வழிவிட்டிருக்கிறார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். மீதிப் பாதியை அவர்கள் சொல்வதில்லை. அந்த இடத்தைப் பொதுமக்கள் நடக்க விட்டதற்கு ஈடாக, மேலே கூடுதல் பரப்பு கட்டிக்கொள்ள அரசு அனுமதி கொடுத்தது. சென்ட்ரலில் ஒரு சதுர அடி என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு இதுவே பெரிய யோகம்.

தொழில்நுட்பமும் இடம் கொடுத்தது. சாதாரணக் கட்டடத்தில் நடுவில் லிஃப்ட், படிக்கட்டு, குழாய் எல்லாம் சேர்ந்த ஒரு கான்கிரீட் தண்டு இருக்கும். இதில் அது கிடையாது. இருபுறமும் எஃகுத் தூண்கள், அவற்றுக்குக் குறுக்கே பிரம்மாண்டமான சட்டங்கள், அந்தச் சட்டங்களிலிருந்து உறியில் பானை தொங்குவது மாதிரி மாடிகள் தொங்குகின்றன. தொங்குகிற வீட்டுக்குக் கீழே காலியாக விடுவது சுலபம்தானே.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். வீட்டு வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் பெண்கள் நூற்றுக்கணக்கில் அட்டை விரித்து உட்கார்ந்து, சோறு பகிர்ந்து, முடி வெட்டிக்கொண்டு, ஊருக்கு வீடியோ கால் பேசிக்கொண்டு இருப்பார்கள். வாரத்தில் ஆறு நாள் வங்கிக்கு, ஒரு நாள் அவர்களுக்கு.

வாசல் சிங்கம் ரெண்டுக்கும் பேரு இருக்காமே?

இருக்கிறது. வாயைத் திறந்து கர்ஜிப்பது ஸ்டீஃபன், வாயை மூடியிருப்பது ஸ்டிட். இரண்டும் வங்கியின் பழைய மேலாளர்கள் பெயர். 1935இல் முந்தைய கட்டடத்துக்காக ஷாங்காயில் வார்த்த வெண்கலச் சிங்கங்கள். போரில் ஜப்பானியர் உருக்குவதற்காகக் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். உருக்குவதற்குள் போர் முடிந்து, 1946இல் திரும்பி வந்தன. உடம்பில் அந்தப் போரின் குண்டுக் காயங்களை இன்றும் தொட்டுப் பார்க்கலாம்.

பழைய கட்டடத்தை இடித்தபோது 1982இல் சிங்கங்களை எதிரில் உள்ள சதுக்கத்துக்கு மாற்றினார்கள். எப்போது, எங்கே, எந்த முறையில் என்பதெல்லாம் ஃபெங் ஷுய் ஆட்களைக் கேட்டுத்தான். வங்கித் தலைவரே கூட நின்றார். விக்கிரகத்தைப் பாலாலயம் செய்து வைப்பார்களே, கிட்டத்தட்ட அதே பயபக்தி. 2020 புத்தாண்டு ஊர்வலத்தில் அவற்றின்மேல் பெயின்ட் ஊற்றித் தீ வைத்தார்கள். பழுது பார்த்து அதே வருடம் திரும்ப வைத்தாயிற்று. பாதத்தையும் மூக்கையும் தடவிவிட்டுப் போகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

அந்தப் பக்கம் கத்தி மாதிரி நிக்குதே, அது யாரோடது?

பேங்க் ஆஃப் சைனா கோபுரம். ஐ. எம். பெய் வடிவமைத்தது, 1990இல் திறந்தது. 72 மாடி, உச்சியில் உள்ள இரண்டு கம்பங்களோடு சேர்த்து 367 மீட்டர். திறந்தபோது ஆசியாவிலேயே உயரம். நான்கு முக்கோணத் தண்டுகள் ஒவ்வொன்றாக நின்றுபோய், கடைசியில் ஒன்று மட்டும் மேலே போகும். அந்த முக்கோணங்களின் விளிம்புதான் கத்தி முனை என்று பெயர் வாங்கியது. கூரான மூலை யாரைப் பார்க்கிறதோ அவருக்குக் கெட்ட ச்சி போகும். அதை ‘ஷா’ என்பார்கள். ஒரு விளிம்பு பிரிட்டிஷ் கவர்னர் மாளிகையைப் பார்த்தது, இன்னொன்று எச்.எஸ்.பி.சி.யை.

இதில் வருடங்களைக் கவனிக்க வேண்டும். ஹாங்காங்கைச் சீனாவிடம் ஒப்படைக்கும் கூட்டறிக்கையில் 1984 டிசம்பரில் கையெழுத்தானது. அடுத்த வருடம் இந்தக் கோபுரத்துக்கு வேலை ஆரம்பம். 1997 வரப்போகிறது, என்ன ஆகுமோ என்று ஊரே விசா வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் பெய்ஜிங் அரசின் வங்கி, பிரிட்டிஷ் வங்கியைவிட இரண்டு மடங்கு உயரத்தில், கூராக, கவர்னர் வீட்டைப் பார்த்து எழுகிறது. ‘பயமாக இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள் ‘ஃபெங் ஷுய் சரியில்லை’ என்றார்கள். இத்தனை வருடம் இந்தக் கதையைக் கேட்டதில் எனக்குப் புரிந்தது இதுதான்: அது கட்டடத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

உயரப் போட்டிகூட பழசு. 1950களின் தொடக்கத்திலேயே பேங்க் ஆஃப் சைனா எச்.எஸ்.பி.சி.க்குப் பக்கத்து மனையில் ஒரு கட்டடம் கட்டியது, அதைவிடச் சில மீட்டர் கூடுதலாக. அந்தப் பழைய கட்டடம் இன்றும் இருக்கிறது, வாசலில் சிங்கத்தோடு.

அந்தக் கத்தி பட்டுத்தான் கவர்னர் செத்தாராமே?

கவர்னர் எட்வர்ட் யூட் 1986 டிசம்பரில் பெய்ஜிங் போயிருந்தபோது தூக்கத்திலேயே மாரடைப்பில் இறந்தார். அதுவரைக்கும் உண்மை. ஆனால் கோபுரம் முழு உயரத்தை எட்டியது 1988 ஆகஸ்ட் 8. அவர் இறக்கும்போது அந்த முனையே அங்கே இல்லை. இதைச் சொன்னால், ‘வரப்போவது முன்கூட்டியே தெரியும்’ என்று பதில் வரும். அதற்கு மேல் நான் வாதாடுவதில்லை.

மாளிகைத் தோட்டத்தில் ஷாவைத் தடுக்க வில்லோ மரங்கள் நட்டார்கள் என்பார்கள். 1997க்குப் பிறகு முதல் நிர்வாகத் தலைவரான துங் ச்சீ-ஹ்வா அந்த மாளிகையில் குடியேறவே இல்லை. அதற்கு ஃபெங் ஷுய்தான் காரணம் என்று ஊரெல்லாம் பேச்சு. அவருக்குப் பின் வந்த டொனால்ட் சாங் 2006இல் குடியேறினார்.

(1988 ஆகஸ்ட் 8, அதாவது 8-8-88, தற்செயலா என்று கேட்காதீர்கள். கான்டனீஸில் எட்டு என்ற ஒலி செழிப்பை நினைவூட்டும். நாத்திக அரசின் வங்கிதான், ஆனாலும் நாள் பார்த்திருக்கிறார்கள்.)

பெய் சீனர்தானே? அவருக்கே இது தெரியாதா?

தெரியாமலா? குவாங்ஜோவில் பிறந்தவர், அப்பாவே பேங்க் ஆஃப் சைனாவில் பெரிய பதவியில் இருந்தவர். பெய் இதை ஒரு கணக்காகவே பார்த்தார். அவருக்குக் கிடைத்தது சாலைகளும் மேம்பாலங்களும் நெருக்கிய சின்ன மனை. சூறாவளி அடிக்கும் ஊர். பணமும் எச்.எஸ்.பி.சி. அளவுக்கு இல்லை. சாய்ந்த சட்டங்கள் காற்றின் விசையை நான்கு மூலைத் தூண்களுக்கு இறக்கிவிடுவதால் எஃகு பெருமளவு மிச்சமானது. பொறியாளர் லெஸ்லி ராபர்ட்சன், நியூயார்க் இரட்டைக் கோபுரத்துக்கும் அவர்தான்.

முதல் வரைபடத்தில் முகப்பு முழுக்கப் பெருக்கல் குறிகளாகத் தெரிந்தன. சீனர்களுக்கு அது நல்ல குறி இல்லை என்று வங்கித் தரப்பு கவலைப்பட்டது. பெய் கிடைமட்டச் சட்டங்களை வெளியே தெரியாதபடி மறைத்தார். பெருக்கல் குறி போய், ஒன்றன்மேல் ஒன்றாக வைரங்கள் வந்தன. ஒரு சட்டத்தையும் எடுக்கவில்லை, பார்வையிலிருந்து மட்டும் எடுத்தார். இந்தத் தொழிலில் நான் ரசித்த சாமர்த்தியங்களில் இது ஒன்று.

மனைக்கும் ஒரு கதை இருக்கிறது. அங்கே முன்பு மர்ரே ஹவுஸ் என்ற பழைய ராணுவக் கட்டடம் இருந்தது. ஜப்பானிய ஆக்கிரமிப்பில் ராணுவப் போலீஸ் வைத்திருந்த இடம். பிறகு அரசு அலுவலகமானதும் ஆவி இருக்கிறது என்று ஊழியர்கள் பயந்து, 1963இலும் 1974இலும் சாந்திச் சடங்கே நடத்தினார்கள். கட்டடத்தைக் கல் கல்லாகப் பிரித்து ஸ்டான்லியில் மறுபடி கட்டியிருக்கிறார்கள், இப்போது அங்கே போகலாம். கோபுரத்தின் இருபக்கமும் ஓடும் நீர்த் தோட்டம் தோஷத்துக்குப் பரிகாரம் என்பார்கள். வாகன இரைச்சலையும் அது நன்றாகவே அமுக்குகிறது.

எச்.எஸ்.பி.சி. மொட்டைமாடியில பீரங்கி வெச்சுருக்காங்கன்னு யூட்யூப்ல பாத்தேன்?

அவை பராமரிப்பு கிரேன்கள். வெளிப்புறத்தைத் துடைக்க, பழுது பார்க்க ஆட்களை இறக்குவதற்கு. ஒரு கோணத்தில் பார்த்தால் குழல் மாதிரித் தெரியும், பேங்க் ஆஃப் சைனாவைக் குறிவைத்த மாதிரியும் தெரியும். கத்திக்குப் பீரங்கி பதில் என்ற கதை கச்சிதமாகப் பொருந்திவிட்டதால் யாரும் விட மனசில்லாமல் சொல்கிறார்கள்.

ரெண்டுக்கும் நடுவுல சதுரமா ஒரு பெட்டி நிக்குதே?

சியூங் காங் சென்டர், தொழிலதிபர் லீ கா-ஷிங்கின் குழுமத் தலைமையகம். 1999, 283 மீட்டர், சீசர் பெல்லி பங்கெடுத்த வடிவமைப்பு. கத்திக்கும் பீரங்கிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் கேடயம் மாதிரி நின்றுவிட்டான் என்பார்கள். இரண்டு கட்டடங்களின் உச்சியையும் ஒரு கற்பனைக் கோட்டால் இணைத்து, அதற்கு மேலே போகாதபடி உயரம் வைத்தார்கள் என்பதும் கூடவே வரும் கதை. பார்க்க மொட்டையாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் இன்னொரு கூர் வந்திருந்தால் கண் வலித்திருக்கும்.

ஹாங்காங் தவிர வேற எங்க இந்த மாதிரி?

சிங்கப்பூர் சன்டெக் சிட்டிக்குப் போயிருப்பீர்கள். ஐந்து கோபுரங்கள் ஒரு கையின் ஐந்து விரல், 18 மாடிக் கோபுரம் கட்டைவிரல், உள்ளங்கையில் செல்வ நீரூற்று. தண்ணீர் வெளியே பீய்ச்சாமல் உள்நோக்கி விழும், பணம் கைக்குள் வரட்டும் என்று. ஹாங்காங் டிஸ்னிலேண்டில் பிரதான வாசலின் கோணத்தைப் பன்னிரண்டு டிகிரி திருப்பிவிட்டுத்தான் 2005இல் திறந்தார்கள்.

நம் ஆட்களுக்கு உடனே புரிவது தைப்பே 101. 508 மீட்டர், எட்டு எட்டு மாடியாக எட்டு அடுக்கு, மூங்கில் கணு மாதிரி. அதன் ஒரு பக்கம் ஒரு தெரு நேராக வந்து முட்டுகிறது. அந்த இடத்தில் ஒரு நீரூற்றை வைத்து மறித்திருக்கிறார்கள். அதாவது தெருக்குத்து! சீனக் கிராமங்களில் தெரு வந்து குத்தும் சுவரில் ‘ஷிகாண்டாங்’ என்று எழுத்து வெட்டிய கல்லை நடுவார்கள். நாம் பிள்ளையார் வைக்கிறோம். வாஸ்துவும் இதுவும் வேறு என்று முதல் கேள்வியில் சொன்னேன், இந்த ஒரு இடத்தில் மட்டும் இரண்டும் கைகுலுக்கிக்கொள்கின்றன.

நிஜமா ஆபீஸ் கட்டும்போது மாஸ்டர் வந்து என்ன பண்ணுவார்?

சினிமா மாதிரி இல்லை. வடக்குத் திசை குறித்த தரைப்படமும் முதலாளியின் பிறந்த தேதி, நேரமும் அவருக்குப் போகும். சிவப்புப் பேனா அடித்துத் திரும்பி வரும். முதலாளி மேஜை, காசாளர் இடம், வாசல் கதவின் கோணம், மீன் தொட்டி. இவைதான் பெரும்பாலும். குடிபோகும் நாளைப் பஞ்சாங்கம் பார்த்துக் குறிப்பார். அன்றைக்கு முழுப் பன்றியை வாட்டி வைத்து ஊதுபத்தி கொளுத்துவார்கள். வெள்ளைக்கார மேனேஜரும் வரிசையில் நின்று கும்பிடுவார்.

ஒருமுறை வரவேற்பு மேஜையை மூன்று அடி நகர்த்தச் சொன்னார் ஒரு மாஸ்டர். நகர்த்தினால் தீ வெளியேறும் கதவு மறைகிறது. இரண்டு வாரம் இழுத்தது. கடைசியில் மேஜை அங்கேயே இருந்தது, அதன் முன்பக்கம் மட்டும் வளைவாக மாறியது. தீயணைப்பு விதியை எந்த மாஸ்டரும் ஜெயித்து நான் பார்த்ததில்லை. அவர்களில் அனுபவசாலிகள் விதிகளைப் படித்துவிட்டே வருகிறார்கள்.

இதனால லாபம் வந்துச்சுன்னு நிரூபணம் இருக்கா?

இல்லை. எச்.எஸ்.பி.சி. கட்டடத்துக்கு இவ்வளவு நல்ல அமைப்பு என்றார்கள். குழுமத்தின் தலைமையகமே 1993இல் லண்டனுக்குப் போய்விட்டது, மிட்லண்ட் வங்கியை வாங்கியதன் விளைவு அது. கத்தி என்று திட்டு வாங்கிய பேங்க் ஆஃப் சைனா உலகின் மிகப் பெரிய வங்கிகளில் ஒன்றாக இருக்கிறது. சி.எல்.எஸ்.ஏ. என்ற பங்குத் தரகு நிறுவனம் 1992இலிருந்து சீனப் புத்தாண்டுக்கு ‘ஃபெங் ஷுய் குறியீடு’ வெளியிட்டு வந்தது, பங்குச்சந்தை ஜோசியம் மாதிரி. அவர்களே அதை வேடிக்கைக்கென்றுதான் சொல்வார்கள்.

ஆனால் நம்பிக்கைக்கு விலை உண்டு, அது கணக்கில் வரும். ஒரு மாடி ‘சரியில்லை’ என்று பேர் வாங்கினால் வாடகைக்கு ஆள் வரத் தயங்குவார்கள். நாலாம் எண் சாவு போல ஒலிப்பதால் பல கட்டடங்களில் 4, 14, 24 மாடிகளே கிடையாது. பட்டனை எண்ணிப் பார்த்துவிட்டு மாடிக் கணக்கு உதைக்கிறதே என்று என்னைக் கேட்டவர்கள் நிறைய.

மாஸ்டர்கள் ஏமாத்த மாட்டாங்களா?

பெரிய வழக்கே நடந்தது. சைனாகெம் என்ற ரியல் எஸ்டேட் குழுமத்தின் தலைவி நீனா வாங் 2007இல் இறந்ததும், அவருடைய ஃபெங் ஷுய் ஆலோசகர் டோனி சான் மொத்தச் சொத்தும் தனக்கே எழுதியிருப்பதாக ஒரு உயிலைக் காட்டினார். 2010இல் நீதிமன்றம் அது போலி என்றது, 2013இல் அவருக்குப் பன்னிரண்டு வருடச் சிறை. அதற்குப் பிறகும் மற்ற மாஸ்டர்களின் வியாபாரம் குறைந்த மாதிரித் தெரியவில்லை.

என் ஆபீஸுக்கு லக்கி பேம்பூவும் சிரிக்கிற புத்தரும் வாங்கிட்டுப் போகட்டுமா?

வாங்குங்கள், அழகாக இருக்கும். லக்கி பேம்பூ மூங்கில் இல்லை, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ட்ரசீனா செடி. அந்தத் தொப்பைக்காரர் கௌதம புத்தரும் இல்லை, புதாய் என்ற சீனத் துறவி. மேலே சொன்ன வங்கிகளின் அமைப்புக்கும் இந்தக் கடைச் சாமான்களுக்கும் சம்பந்தமில்லை.

சரி, நீங்க நம்புறீங்களா இல்லையா?

அண்ணன் மகள் கேட்டது. என் மேஜை கதவுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தது, திருப்பிக்கொண்டேன். பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தால் கோடு நேராக வராது. ‘அதுதான் ஃபெங் ஷுய்’ என்கிறார் பக்கத்து மேஜை லாம் அண்ணன். சரி என்று விட்டுவிட்டேன்.

எல்லாத்தையும் ஒரே போட்டோவுல எடுக்க எங்க நிக்கணும்?

ஸ்டார் ஃபெர்ரியில் சிம் ஷா சுயிலிருந்து சென்ட்ரல் வாருங்கள். நடுக் கடலில் மலை, வங்கி, கத்தி, பெட்டி எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். கிட்டத்தில் வேண்டுமென்றால் ஸ்டாச்யூ ஸ்கொயர். எச்.எஸ்.பி.சி. எதிரே கடல் பக்கம் திறந்தே இருக்க வேண்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அரசோடு ஒப்பந்தம் போட்ட இடம் அது. ராணி சிலை உட்பட மற்றவை போய், இப்போது அங்கே மிஞ்சியிருப்பது ஒரே சிலை: தாமஸ் ஜாக்சன், அந்த வங்கியின் பழைய தலைமை மேலாளர். மாலை நாலரைக்குப் போனால் வெயில் முகத்தில் அடிக்காது.